வாங்கியவர் பெயர்

வாஷிங் மெஷின் நின்றது திங்கட்கிழமை காலை. சும்மா நிற்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் முனகி, ரப்பரும் வார்னிஷும் சேர்ந்து கருகுகிற நாற்றத்தை வீடு முழுக்க விட்டுவிட்டு நின்றது. உள்ளே கூலிக்குத் துவைக்க வந்த நர்சிங் ஹோம் போர்வைகள் ஏழு, நுரையோடு பாதியில் கிடந்தன. வீட்டுக்காரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். வீட்டுக்காரர் பதறவில்லை. அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தார்.

“கார்டு இருக்கு” என்றார்.

அந்த டின்னால்தான் தெருவில் அவருக்குக் கேரண்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஃபேன், இஸ்திரிப் பெட்டி, குடை, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றுக்கும் உத்தரவாத அட்டை அந்த டின்னுக்குள் உண்டு. செத்துப்போய்க் குப்பைக்குப் போன டார்ச் லைட்டின் அட்டையைக்கூட அவர் எறியவில்லை. எதற்கு அது என்று கேட்டால், டார்ச்தான் போச்சு, கார்டு நல்லாத்தானே இருக்கு என்பார். இப்படிப்பட்ட மனிதரோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்திய அம்மாளுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது வாங்கிய மெஷின் அது. கடை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு தட்டி வைத்திருந்தார்கள்: ‘மோட்டாருக்கு ஆயுட்கால உத்தரவாதம்’. எல்லாரும் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கேரண்டி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“யாரோட ஆயுசு?”

விற்பனையாளருக்கு அன்று சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வாங்குகிறவர் ஆயுசுதான் என்று சொல்லிவிட்டு, கார்டை எடுத்துப் பெயர் கேட்டார். இங்கேதான் நம் ஆளுக்கு மூளை வேலை செய்தது. தனக்கு வயது முப்பத்தெட்டு. அப்பா ஐம்பத்தொன்றில் போனவர். சித்தப்பாக்கள் யாரும் அறுபதைப் பார்க்கவில்லை. மனைவிக்கு முப்பதுதான், ஆனால் வருஷத்துக்கு நாலு தடவை காய்ச்சலில் படுப்பாள். அவள் தோளில் எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். கணக்குச் சரியாக வந்தது. ‘வாங்கியவர் பெயர்’ என்ற இடத்தில் குழந்தையின் பெயரை எழுதச் சொன்னார். விற்பனையாளர் பசியையும் மறந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

“ஊர்ல பெத்த புள்ளை பேர்ல நிலம் வாங்குவாங்க, நகை வாங்குவாங்க. நீங்க மோட்டார் வாங்கியிருக்கீங்க” என்று வீட்டுக்காரி வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பெயரே பின்னால் வீட்டுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. மெஷின் மக்கர் பண்ணினால், உன் மெஷின் என்ன செய்கிறது என்று வந்து பார் என்பார்கள். மகள் மதில்மேல் ஏறினால், “எறங்குடி, நீ விழுந்தா கேரண்டி போயிடும்” என்று அம்மா கத்துவாள். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அடி வாங்கினால், என் மெஷினில் யாரும் துணி போடக்கூடாது என்று அதன் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கம்பெனிக்காரனும் சொன்ன சொல் தவறவில்லை. நாலாவது வருஷம் ஒரு தடவை, ஒன்பதாவது வருஷம் ஒரு தடவை, கார்டைக் காட்டியதும் ஆள் வந்து பேசாமல் மோட்டாரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு கேரண்டியைக் கையால் பிடிக்க முடியுமா?

இப்போது மூன்றாவது தடவை. மோட்டார் எரிந்துவிட்டது, கார்டு இருக்கிறது. கார்டில் பெயர் இருக்கிற ஆளும் கல்லு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறாள். என்ன, வீட்டில் இல்லை. வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது.

அந்தக் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. இரண்டு லாட்ஜ், ஒரு நர்சிங் ஹோம், இவற்றின் போர்வையும் தலையணை உறையும் வாரம் மூன்று நாள் இந்த வீட்டுக்கு வரும். கேரண்டி சைக்கிளில் மூட்டை எடுத்து வருவார், வீட்டுக்காரி துவைப்பாள், மகள் படித்துக்கொண்டே உலர்த்தவும் மடிக்கவும் கூட நிற்பாள். படிப்பு முடிந்ததும் மகள் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய லாண்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாவது மாதம் பெரிய லாட்ஜ் தன் துணியையெல்லாம் அந்த லாண்டரிக்கே மாற்றிவிட்டது. மகள் சொல்லித்தான் மாற்றினார்கள் என்று அம்மா நினைத்தாள். மேனேஜர் முடிவுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று மகள் சொன்னாள். சொல்லோடு சொல் உரசியது.

“என்கிட்டயே தொழில் கத்துக்கிட்டு என் வயித்துலயே அடிச்சுட்டே. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே.”

“நீயா கூப்பிடாம மிதிக்கமாட்டேன்.”

நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை. இரண்டு பேரும் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மகள் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் போய்த் தங்கினாள். நடுவில் மாட்டிக்கொண்ட மத்தளம் கேரண்டிதான். சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறிப்போய், விடுதிக்கு எதிர்த்த டீக்கடையில் மகளோடு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். திரும்பி வந்ததும் வீட்டுக்காரி மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். “பஸ் கூட்டமா இருந்துச்சா?” என்று மட்டும் கேட்பாள். கூட்டமில்லை, நல்லா உட்கார்ந்துதான் வந்தேன் என்று அவர் சொன்னால் அன்று சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும். ஒரு சனிக்கிழமை மகளுக்குச் சளிக்காய்ச்சல். பஸ்ஸில் நெருக்கடி என்று அவர் சொன்னார். அன்று அவள் சாப்பிடவே இல்லை.

மகள் போனதில் அவளுக்கு விழுந்த நேரடி அடி மடிப்பதில்தான். இரட்டைப் போர்வையை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. மடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் தரையில் புரளும், மடிப்பு கோணும், கோணல் மடிப்பை லாட்ஜ்காரன் திருப்பி அனுப்புவான். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து ஒரு உதறு உதறி, எதிரும் புதிருமாக நடந்துவந்து சேர வேண்டும். கேரண்டிக்கு மூட்டுவலி; அதோடு அவர் பிடித்தால் எந்த முனை எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. அதனால் அவள் ஜன்னல் கம்பியில் இரண்டு கொக்கி மாட்டிவிட்டாள். இரண்டு முனையைக் கொக்கியில் மாட்டி, மற்ற இரண்டைத் தான் பிடித்துக்கொண்டு, ஜன்னலை நோக்கி நடந்துபோய் மடிப்பாள். எட்டு மாதமாக அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கையால் துவைத்தாள். பெரிய அலுமினியத் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, சோப்புத்தூளைக் கரைத்து, போர்வைகளை அமுக்கிவிட்டு, தொட்டிக்குள் இறங்கிக் காலால் மிதித்தாள். வெளியே தூறல் நிற்கவில்லை. கூடத்துக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி உலர்த்தியதில் வீட்டுக்குள் நடக்கவே குனிய வேண்டியிருந்தது. சாயங்காலம் அவள் கால் விரல்களைப் பார்த்தபோது கேரண்டிக்கு மனசு கேட்கவில்லை. வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. எரிந்த மோட்டாருக்குப் புதுச் செம்புக்கம்பி சுற்றித் தருகிற காயில் கட்டுபவரிடம் கொடுத்துப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். கார்டு இருக்கும்போது காயில் எதற்கு என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

புதன்கிழமை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வரிசை எண் போட்ட சீட்டு. கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். முதலில் போன் நம்பர் கேட்டாள். தன் நம்பர் அவருக்கு எப்போதும் ஞாபகம் வராது. மனப்பாடமாகத் தெரிந்தது மனைவியின் நம்பர்தான், அதைச் சொன்னார். அந்தப் பெண் கார்டை இரண்டு கையாலும் வாங்கி, இப்படிப்பட்ட கார்டைத் தான் பார்த்ததே இல்லை என்று பக்கத்துப் பெண்ணிடமும் காட்டினாள். அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்.

“சார், இது ஆயுள் முடிஞ்ச மெஷின்.”

“யாரோட ஆயுசும்மா? வாங்கினவ நல்லா இருக்காளே.”

“வாங்கினவங்க ஆயுள் இல்ல சார். பொருளோட ஆயுள். இந்த மாடலுக்குப் பத்து வருஷம்னு கம்பெனியில முடிவு பண்ணியிருக்காங்க. பாருங்க, பின்னால போட்டிருக்கு.”

கார்டின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரிப் பன்னிரண்டு வரி. இருபத்திரண்டு வருஷமாக அவர் முன்பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார். பெயர் அங்கேதானே இருந்தது.

“அப்ப பன்னெண்டு வருஷமா செத்த மெஷின்லயா துவைச்சோம்?”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கெட்ட பெண் இல்லை. லாட்ஜ் துணி துவைக்கிற மெஷின் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்; அப்படித் தொழிலுக்குத் துவைத்தால் எந்த உத்தரவாதமும் செல்லாது என்ற வரியும் அதில் இருந்தது. அதை அவள் விரலால் மறைத்துக்கொண்டு படிக்காமல் விட்டதை இவர் கவனித்தார். கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கியவர் யார் என்று கேட்டாள். மகள் என்றார். அவர்களே நேரில் வந்து கையெழுத்துப் போட்டாலும் இதே பதில்தான் சார், மன்னிச்சுக்கோங்க என்றாள்.

அவர் வெளியே வந்து டீ குடித்தார். இன்னொரு டீ குடித்தார். மோட்டார் போனதுகூடப் பெரிதாக உறுத்தவில்லை. இந்தக் கார்டைப் பார்த்துத்தான் மகளுக்கும் வீட்டுக்கும் இன்னும் ஒரு பிடி இருக்கிறது என்று அவர் இத்தனை நாள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். அதுவும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே அறுந்துவிட்டதாம், யாரும் சொல்லக்கூட இல்லை. டம்ளரைக் கீழே வைக்கும்போது அந்தப் பெண் கடைசியாகச் சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. நேரில் வந்து கையெழுத்துப் போட்டாலும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுகிறார்கள். நாம் ஒரே ஒரு பொய்தானே சொல்லப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது மெஷின்மேல் ஒரு பழைய போர்வை போர்த்தியிருந்தது. செத்த வீட்டில் மூடி வைத்த மாதிரி இருந்ததால் அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வீட்டுக்காரி தலையணை உறைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“கம்பெனியில மாத்திக் குடுக்குறாங்களாம். ஆனா கார்டுல பேர் இருக்குற ஆள் கையெழுத்துப் போடணுமாம்.”

அவள் பிழிவதை நிறுத்தினாள். “அப்படியா சொன்னாங்க?”

“ஆமா.”

“பேப்பரை அனுப்பிக் கையெழுத்து வாங்கினா ஆகாதாமா?”

“ஆகாதாம். மெஷின் இருக்குற எடத்துக்கே நேர்ல வரணுமாம்.”

“ஆள் வரணும்னு அவங்களே சொன்னாங்களா?”

“சொன்னாங்கன்னு சொல்றேனே.”

அவள் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். “சரி” என்று சொல்லிவிட்டு அவள் உறையை உதறிக் கயிற்றில் போட்டாள். அன்று அவர் இருப்புக்கொள்ளாமல் மூன்று தடவை முகம் கழுவினார்.

மறுநாள் காலை அவளே அவர் போனை எடுத்து நீட்டி, போட்டுக் கொடுக்கச் சொன்னாள். எட்டு மாதத்துக்குப் பிறகு தாயும் மகளும் பேசிய பேச்சு மொத்தமே இவ்வளவுதான்:

“மெஷின் நின்னுடுச்சு. கார்டு உன் பேர்ல இருக்கு. நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்.”

அந்தப் பக்கம் என்னவோ சொன்னது.

“ஆமா. நான்தான் கூப்பிடுறேன். ஞாயித்துக்கிழமை வா.”

போனை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, மூஞ்சிக்கு நேராக ஒரு ஈரப் போர்வை தொங்கியது.

சந்தோஷம் சனிக்கிழமை சாயங்காலம் வரைதான். அதற்கப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. மகள் வருவாள், கையெழுத்துப் போடுவாள், சரி. எதில் போடுவாள்? போட்டபின் மோட்டார் எங்கே என்று வீட்டுக்காரி கேட்டால்? பொய் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்று மகளுக்குத் தெரிந்தால் இந்தத் தடவை எட்டு மாதத்தோடு நிற்குமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பரிமாற உட்கார்ந்த கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகள் வந்தாள். மெலிந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்கு வெளியிலேயே நின்றாள். வீட்டுக்காரி உள்ளே கொக்கியில் போர்வையை மாட்டிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே, “மெஷின் உள்ளதான் இருக்கு” என்றாள். மகள் படியை ஒரு பார்வை பார்த்தாள், ஏறி உள்ளே வந்தாள். கேரண்டிக்கு மூச்சு வந்தது.

“எங்கப்பா போடணும்?”

அவரிடம் கார்டைத் தவிர வேறு காகிதம் இல்லை. அதையே நீட்டினார். மகள் முன்பக்கத்தைப் படித்தாள். தன் பெயரின்மேல் ஒரு தரம் விரலை ஓட்டினாள். பிறகு திருப்பினாள். நாள் முழுக்க மெஷினோடு கிடக்கிற பெண். அந்தப் பன்னிரண்டு வரியையும் விடாமல் படித்தாள். தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவர் மழை விட்டுவிட்டதா என்று ஜன்னலைப் பார்த்தார். அவள் தன் பைக்குள் கை விட்டாள். பேனாவை எடுத்து, தன் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு நேரே மெஷினிடம் போய், போர்த்தியிருந்ததை எடுத்து, சுவரிலிருந்து முன்னால் இழுத்து, பின்புறம் குனிந்து பார்த்தாள்.

“அம்மா, மோட்டார் எங்க?”

கேரண்டி எட்டிப் பார்த்தார். மோட்டார் இருந்த இடம் காலியாக இருந்தது. நாலு போல்ட் மட்டும் ஒரு கிண்ணத்தில் கிடந்தன.

“காயில் கட்டக் குடுத்திருக்கேன். செவ்வாய்க்கிழமை தர்றேன்னாரு” என்றாள் வீட்டுக்காரி.

“எப்ப குடுத்தே?”

“புதன்கிழமை மத்தியானம்.”

புதன்கிழமை மத்தியானம் இவர் டீக்கடையில் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னது அன்று சாயங்காலம். அவள் போன் பண்ணியது வியாழக்கிழமை. அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்; எப்படி எண்ணினாலும் வியாழனுக்கு முந்தித்தான் புதன் வந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார், குரல் இறங்கி.

“அன்னிக்கே கம்பெனியில இருந்து எனக்குப் போன் வந்துச்சு. உங்க வீட்டுக்காரர் வந்தாரு, ஆயுள் முடிஞ்ச மெஷின், ஒண்ணும் பண்ண முடியலம்மான்னு சொன்னாங்க. அப்புறம், எங்க சேவை உங்களுக்குத் திருப்தியான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“அப்ப ஒண்ணும் சொல்லல. நேத்து மறுபடியும் போன் பண்ணிக் கேட்டாங்க. திருப்தின்னு சொன்னேன்.”

மகள் மெஷினுக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. குனிந்தபடி கிண்ணத்தில் இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரி ஜன்னலுக்குப் போய், கொக்கியில் மாட்டியிருந்த இரண்டு முனையையும் கழற்றினாள். கழற்றிய கையை மகள் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றாள்.

மகள் எழுந்து, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு வந்தாள். “எங்க லாண்டரியில இதுக்கு ஒரு மெஷின் இருக்கும்மா. நிமிஷத்துக்குப் பத்துப் போர்வை மடிக்கும்” என்றாள்.

“மடிக்கட்டும். நீ முனையைப் பிடி.”